பழைய வேகன்ஆரில் இன்ஜெக்டரை நாமே மாற்றலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 2006 மாடல் பெட்ரோல் வேகன்ஆர், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் செல்ஃப் இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, மைலேஜ் இறங்கிவிட்டது. பட்டறையில் "நாலு இன்ஜெக்டரும் போச்சு, செட்டாக மாற்றணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பேர் கடையில் செட் கிடைக்கிறது, வீட்டில் ஸ்பேனர் பெட்டி இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிகோவில் வைத்து நானே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கழற்றி மாட்ட முடியுமா என்பது ஒன்று. கழற்ற வேண்டியது உண்மையிலேயே இன்ஜெக்டர்தானா என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என் பதிலில் பாதி அதைப் பற்றித்தான்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, இருபத்து மூன்று வருடமாகக் கோவைப் பக்கம் பெட்ரோல் கார்களில் வேலை செய்கிறவன். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வைக்கும் முறை) பரவிக்கொண்டிருந்த நேரத்தில் தொழிலுக்கு வந்தேன். அந்தத் தலைமுறை மாருதி, ஹூண்டாய் இன்ஜெக்டர்களை எத்தனை கழற்றியிருப்பேன் என்று கணக்கு இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வண்டியில் இந்த வேலையை நிதானமான ஒருவர் அரை நாளில் வீட்டிலேயே செய்யலாம். பெட்ரோலுக்குப் பயப்படத் தெரிந்திருக்க வேண்டும், பழைய பிளாஸ்டிக்கிடம் பொறுமை வேண்டும், புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கையில் இருக்க வேண்டும். டீசல் வண்டி என்றால் பதில் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்ஜெக்டர் என்பது கரன்ட்டில் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு. உள்ளே ஒரு காயில், ஒரு ஸ்பிரிங், ஓர் ஊசி, முனையில் மிக நுண்ணிய துளை. அவ்வளவுதான். டேங்க்கில் இருக்கும் பம்ப் பெட்ரோலை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் ரயிலுக்கு, அதாவது இன்ஜெக்டர்களின் தலையில் மாட்டியிருக்கும் பெட்ரோல் குழாய்க்கு, அனுப்புகிறது. சாவி ஆனில் இருக்கும்போது இன்ஜெக்டரின் ஒரு ஒயரில் 12 வோல்ட் எப்போதும் நிற்கும். இன்னொரு ஒயரை ஈசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எர்த்தோடு இணைக்கிற நொடியில் ஊசி தூக்கி, சில மில்லி செகண்ட் பெட்ரோல் பீய்ச்சி, மறுபடி உட்கார்ந்துவிடும். வண்டி 800 ஆர்பிஎம்-மில் சும்மா நிற்கும்போதுகூட ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 400 தடவை இப்படித் திறந்து மூடுகிறது. இவ்வளவு வேலை செய்கிற பொருள் கெட்டுப்போகும் வழிகள் சில மட்டுமே. காயில் அறுந்து அடியோடு செத்துப்போகலாம். முனையில் பிசின் படிந்து பெட்ரோல் குறையலாம், அல்லது பூமழையாக விழ வேண்டியது ஒற்றைக் கோடாக விழலாம். ஊசி சரியாக உட்காராமல் சொட்டலாம். உடம்பு நன்றாக இருந்தும் மேலும் கீழும் உள்ள ரப்பர் காய்ந்து, மேலே பெட்ரோல் கசியலாம், கீழே காற்று உறிஞ்சலாம்.

இவற்றில் நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே மாதத்தில் காயில் போவது என்பது நான் பார்த்ததே இல்லை. நாலும் சேர்ந்து அடைபடுவது நடக்கும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டிகளில் அதை வரிசையாகப் பார்த்தேன். பெட்ரோல் ஆவியாகி, முனையில் பழுப்பு வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது. எல்பிஜியில் ஓடும் வண்டிகளிலும் இதே கதை. வருடக்கணக்கில் பெட்ரோல் பக்கமே திரும்பாததால் பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ளே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல், எல்பிஜி இரண்டிலும் ஓடும் வேகன்ஆர் டூயோ 2006-இல்தான் வந்தது. உங்களுடையது அந்த மாடலா, அல்லது பின்னால் கிட் போட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. எல்பிஜி இருந்தால் அதுவே முதல் துப்பு.

இனி, இன்ஜெக்டரைப் போலவே நடித்து ஆளை ஏமாற்றும் மற்றவை. தேய்ந்த பிளக், வெடித்த பிளக் ஒயர், பலவீனமான இக்னிஷன் காயில், அழுக்கேறிய த்ராட்டில் பாடி (காற்று நுழையும் இடம்), அடைபட்ட பெட்ரோல் ஃபில்டர், சோர்ந்துபோன பம்ப், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) கேஸ்கட்டிலோ வேக்குவம் ஹோஸிலோ காற்றுக் கசிவு, டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி) இறுகிப்போனது. நீங்கள் சொன்ன மூன்று குறிகளுக்கும் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியர் எல்பிஜியில் ஓடிய ஆல்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் இன்ஜெக்டர் மூன்றையும் புதிதாகப் போட்டு, சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பார்த்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்து நின்றது. டேப்பட் கவரைத் திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை. கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு சீட் மெல்ல உள்ளே இறங்கி இடைவெளி இல்லாமல் போவது சகஜம். டேப்பட் செட் செய்ததும் வண்டி அடங்கிவிட்டது. அவர் அங்கேயே நின்று, கழற்றிய மூன்று பழைய இன்ஜெக்டரையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. அதிலிருந்து, சோதிக்காமல் இன்ஜெக்டர் வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோதனைகளில் காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, பிடியைக் காதோரம் அணையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் சட்டையோ முடியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல இன்ஜெக்டர் பழைய சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிற மாதிரி தெளிவாக டக்டக் என்று தட்டும். நாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தாலோ, மற்றதைவிட மந்தமாகக் கேட்டாலோ குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒவ்வோர் இன்ஜெக்டரின் கப்ளரையும் (ஒயர் செருகும் முனை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிளக் ஒயரைக் கழற்றி இதே சோதனையைச் செய்கிறவர்கள் உண்டு, அது வேண்டாம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுப் பொசுக்கும், கையில் ஷாக்கும் அடிக்கும்.

சிலிண்டர் எது என்று தெரிந்ததும் அந்தச் சிலிண்டரின் பிளக்கை இன்னொன்றோடு மாற்றிப் போடுங்கள், பிறகு ஒயரையும் மாற்றுங்கள். மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) அதோடு சேர்ந்து இடம் மாறினால் இன்ஜெக்டரை மறந்துவிடலாம். மாறவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரில் இன்ஜெக்டரின் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். இந்த வகைப் பெட்ரோல் இன்ஜெக்டர்களில் பொதுவாக 11 முதல் 16 ஓம்ஸுக்குள் வரும். சரியான எண்ணைவிட நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதைத்தான் நான் பார்ப்பேன். ஒன்று மட்டும் திறந்த சர்க்யூட் காட்டினால் அது செத்துவிட்டது, சந்தேகமில்லை. நாலும் சரியாக இருந்தும் ஒன்று தட்டவில்லை என்றால் கப்ளருக்கு வரும் ஒயரைப் பாருங்கள். எலி கடித்த ஒயர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு முக்கியமான விஷயம்: பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து இன்ஜெக்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று வெளியில் வைத்துப் பார்க்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. பொறியும் பெட்ரோல் புகையும் ஒரே இடத்தில். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொரு துப்பு உங்கள் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கலாம், யாரும் அதைப் பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழ். போன தடவை எடுத்ததையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அதாவது சொட்டும் இன்ஜெக்டர், கிழிந்த ரெகுலேட்டர் (ரயிலின் அழுத்தத்தைச் சீராக வைப்பது), சென்சார் பக்கம் சந்தேகம். ஹைட்ரோகார்பன் மட்டும் துள்ளியிருந்தால் எங்கோ எரியாமல் வெளியேறுகிறது, அதாவது மிஸ்ஸிங். ஒழுங்காகக் குழாய் விட்டு எடுத்த சான்றிதழாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம். உங்கள் ரயிலின் முனையில் பிரஷர் ரெகுலேட்டர் இருந்தால், அதன் மேல் வரும் சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. மைலேஜ் இறக்கம், காலைத் தடுமாற்றம் இரண்டுக்கும் அது ஒன்றே போதும். வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கும் விலை குறைந்த ஓபிடி கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2010-க்கு முந்தைய நம் ஊர் வண்டிகள் பலவற்றில் அது இணையாது. பட்டறை ஸ்கேனர்தான் வேண்டும்.

இந்த இடத்தில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காயில் அறுந்தது, ஓ-ரிங் கசிவது, ஒயர் அறுந்தது, இவற்றை நீங்கள் வீட்டிலேயே உறுதியாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் குறைவாக விழுகிறதா, கோடாக விழுகிறதா, மெல்லச் சொட்டுகிறதா என்பதை வீட்டில் உறுதிசெய்ய முடியாது. அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். காலையில் செல்ஃப் அதிகம் கேட்பது சொட்டும் இன்ஜெக்டராலும் வரும், டேங்க் பம்ப்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுப்பது) பழுதானாலும் வரும். இரண்டிலும் ரயிலில் அழுத்தம் இரவோடு இரவாக இறங்கிவிடும். சாவியை ஆன் செய்து மூன்று செகண்ட் விட்டு ஆஃப், இப்படி மூன்று நாலு தடவை செய்துவிட்டுப் பிறகு செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஒரே அடியில் பிடித்தால் அழுத்தம் இறங்குவதுதான் காரணம் என்று கொள்ளலாம். எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் பிரஷர் கேஜ் மாட்டினால்தான் பிரிக்க முடியும். வண்டியைப் பார்க்காமல் இங்கிருந்து நான் அதைச் சொன்னால் அது ஜோசியம்.

சரி, இன்ஜெக்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே புது செட் வாங்க வேண்டியதில்லை. காயில் நன்றாக இருந்தால், கழற்றி, இன்ஜெக்டர் கிளீனிங் செய்கிற இடத்தில் கொடுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, பிறகு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக உள்ள பெஞ்சில் மாட்டி, நாலும் ஒரே நேரத்தில் எவ்வளவு ஊற்றுகின்றன என்று அளப்பார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் ஓட்டத்தில் நாலு குழாயிலும் மட்டம் ஏற்ற இறக்கமாக நிற்கும். ஒன்றிலிருந்து நூல் போல் கோடு விழும், பக்கத்தில் இருப்பது பனிபோல் தூவும். கிளீனிங்குக்குப் பிறகு நாலும் ஒரே உயரத்தில் ஏறினால் உங்கள் பழைய இன்ஜெக்டரே இன்னும் பல வருடம் ஓடும். திறக்காமல் அழுத்தம் மட்டும் கொடுத்து முனையில் சொட்டு கட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு கட்டினால் அதை மாற்றத்தான் வேண்டும். என் கைக்கு வந்த அடைபட்ட செட்களில் பெரும்பாலானவை கிளீனிங்கிலேயே சரியாகிவிட்டன. புது செட்டின் விலையோடு பார்த்தால் கிளீனிங் செலவு மிகச் சின்னது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய இன்ஜெக்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இன்ஜெக்டர்கள் ஊற்றும் அளவில் வேறாக இருக்கும். கப்ளர் பொருந்துவதால் இன்ஜினுக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. டூப்ளிகேட் நிறைய வருகிறது. இணையத்தில் நாலும் சேர்த்து நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாமல் இருப்பது நல்லது. புதிதாக வாங்கினாலும், பழையதையே மாட்டினாலும், ஓ-ரிங், கீழ்ப்பக்க ரப்பர் குஷன் எல்லாம் புதிது. இதில் பேரம் கிடையாது. இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2006 வண்டியின் ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கேட்டு வாங்கும்போது வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வகை) ஓ-ரிங் என்று கேளுங்கள். ரப்பர் ஹோஸ் ஏதாவது வெடிப்பு விட்டிருந்தால் இன்ஜெக்ஷன் வண்டிக்கான ஹோஸ் வாங்குங்கள். அதன் மேலேயே ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். ஜே30ஆர்7 என்று இருப்பது கார்புரேட்டர் காலத்து அழுத்தத்துக்கானது, 3 பாரில் அதை நம்பக் கூடாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். நம் வீட்டு போர்டிகோக்களில் என்னென்ன இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சுவரில் மோட்டார் ஸ்டார்ட்டர், மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி, பக்கத்துச் சன்னலுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு, வாசல் மாடத்தில் சாயங்கால விளக்கு, யாராவது கையில் கொசு பேட். இதில் ஒரு பொறி போதும். வண்டியைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தண்ணீர் மோட்டாரை யாரும் அந்த நேரத்தில் போட வேண்டாம். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கூடவே ஒரு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும். கண்ணாடி, நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், பேச்சுத்துணைக்காவது ஒருவர் இருக்கட்டும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

ரயிலில் அழுத்தத்தை இறக்குவதுதான் முதல் வேலை. ஃபியூவல் பம்ப் ரிலேயையோ ஃபியூஸையோ கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரயிலில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டு இன்ஜின் தானாக நின்றுவிடும். அதன்பிறகு மூன்று செகண்ட் வீதம் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடியுங்கள். இதைச் செய்ய இன்ஜின் ஓட வேண்டும் என்பதால் முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட்டால் காலையில் எல்லாம் ஆறியிருக்கும். பிறகு பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். இவ்வளவு செய்தும் பைப்பில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். இணைப்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைக் கட்டிக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள். நனைந்த துணியை அங்கேயே போட்டு வைக்காமல் தூரமாக வெட்டவெளியில் காயப்போடுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கப்ளர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். ஏர் கிளீனர் ஹோஸ், மறைக்கிற பைப்புகள் எல்லாவற்றையும் விலக்கி ரயில் நன்றாகத் தெரிகிற மாதிரி செய்யுங்கள். பிறகு இன்ஜெக்டர் உட்காரும் பள்ளங்களைச் சுற்றிப் பிரஷால் சுத்தம் செய்து ஊதிவிடுங்கள். இருபது வருட மண் அங்கே சேர்ந்திருக்கும். இன்ஜெக்டரைத் தூக்கினவுடன் அந்த மண்ணுக்கு நேராக இன்ஜின் வால்வு வரை வழி திறந்துவிடும். கப்ளர் லாக்கை நகத்தாலோ மெல்லிய டிரைவராலோ முழுக்க அமுக்கிய பிறகே இழுங்கள். அந்தப் பிளாஸ்டிக் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், அவசரப்பட்டால் ஒடியும். ஒடிந்த லாக்கோடு மாட்டினால் ஓடும், ஒரு மாதம் கழித்துக் குலுங்கிக் கழன்று மறுபடி மிஸ்ஸிங் தரும். ரயில் போல்ட்டுகளை எடுத்த பிறகு ரயிலோடு சேர்த்து நாலு இன்ஜெக்டரையும் நேராக மேலே தூக்க வேண்டும். வராது. நெம்பத் தோன்றும். நெம்பாமல், இன்ஜெக்டரை அதன் இடத்திலேயே இப்படியும் அப்படியும் திருகுங்கள். ரப்பரின் பிடி விடும், பிறகு எழுந்து வரும். பழைய ரப்பர் குஷன் பள்ளத்திலேயே தங்கிவிடும், சில சமயம் துண்டாகும். எண்ணி எடுங்கள், ஒரு துண்டு உள்ளே விழுந்தால் நேராக வால்வுக்குப் போகும். திறந்திருக்கும் பள்ளங்களைப் பிசிர் இல்லாத சுத்தமான துணியால் மூடுங்கள், மூடின துணியையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போதுதான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. ஓ-ரிங்கை இன்ஜெக்டரில் ஏற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் முனையைத் தொடவே விடாதீர்கள், விரலால் மட்டும் ஏற்றுங்கள். முறுக்கிக்கொள்ளாமல் காடியில் சமமாக உட்கார வேண்டும். மேல் ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். ரயிலின் துளை விளிம்பைத் துடைத்து, இன்ஜெக்டரை நேராகப் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். ஓ-ரிங் விளிம்பைத் தாண்டும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன எதிர்ப்புத் தெரியும், பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த எதிர்ப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஓ-ரிங் கடிபடுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்துப் பாருங்கள், விளிம்பில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். எனக்கு இது பாடமானது தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். அவசரத்தில் வெட்டுப்பட்ட ஓ-ரிங்கோடு மாட்டிவிட்டு ஒரு வண்டியை அனுப்பினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் உள்ளே பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று அந்த அம்மா வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டார். பானெட்டைத் திறந்தால் சூடான எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தியதால் தப்பித்தோம். அன்றிலிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டரையும் மாட்டியபின் கையால் சுற்றிப் பார்ப்பேன். சுசுகி மேனுவலிலும் இதே சோதனைதான் இருக்கிறது: ரயிலில் மாட்டி, மேனிஃபோல்டில் உட்கார வைத்த பிறகு இன்ஜெக்டர் கையில் வழுவழுவென்று சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை.

நாலும் சுழன்றால் ரயில் போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். கீழே அலுமினியம் அல்லது பிளாஸ்டிக், உடம்பு பலத்தைக் காட்டினால் திரட் போய்விடும். டார்க் (எவ்வளவு விசையில் இறுக்குவது) அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்து அப்படியே வையுங்கள். இன்ஜெக்டர்களின் கப்ளர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும், டேப்பில் உள்ள எண் மாறாமல் மாட்டுங்கள். பைப் இணைப்பில் வாஷர் இருந்தால் அதுவும் புதிது.

பேட்டரி, ரிலே மாட்டிய பிறகு உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை மூன்று செகண்ட் ஆன், பிறகு ஆஃப், மூன்று நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் டேங்க் பக்கம் பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் கேட்கும். துணைக்கு நிற்பவர் சாவியைப் போட, நீங்கள் டார்ச் அடித்து ஒவ்வோர் இன்ஜெக்டரின் மேல்பக்கத்தையும் பைப் இணைப்புகளையும் பாருங்கள். வெள்ளைத் தாளைக் கிழித்து ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரியும். ஒரு சொட்டு இருந்தாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மறுபடி அழுத்தம் இறக்கி, கழற்றி, பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். முதலில் கொஞ்சம் தடுமாறும், ரயிலில் இருக்கும் காற்று போனதும் அடங்கிவிடும். பேட்டரி கழற்றியதால் ஸ்லோ ஸ்பீடு ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கலாம், ஈசியு தன் கணக்கைத் திரும்பப் பழகிக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடிய பிறகு மறுபடி தாளால் ஒற்றிப் பாருங்கள், சூட்டில் மட்டும் கசியும் ஓ-ரிங்கும் உண்டு.

இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாலிஈதர்அமீன் உள்ள கிளீனர்கள் லேசான படிவைக் கரைக்கும், அது உண்மை. செத்த காயிலையோ சொட்டும் ஊசியையோ எந்த பாட்டிலும் சரிசெய்யாது. கழற்றுவதற்கு முன்னால் ஒரு டேங்குக்கு ஊற்றிப் பார்ப்பதில் தவறில்லை, பாட்டிலில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். எத்தனால் பெட்ரோலால்தான் இன்ஜெக்டர் போனதா என்ற உங்கள் சந்தேகத்துக்கு: எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும், ஒரு லிட்டரில் கிடைக்கும் சக்தி சுத்தப் பெட்ரோலைவிடக் குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். இதுவரை உறுதி. உங்கள் வண்டியில் இறங்கிய மைலேஜில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

டீசல் ஸ்விஃப்ட், இண்டிகா வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. காமன் ரயில் டீசலில் இதை வீட்டில் செய்யாதீர்கள். இங்கே 3 பார், அங்கே ஆயிரம் பாருக்கு மேல். இன்ஜின் ஓடும்போது தளர்ந்த மூட்டிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரி மட்டும் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும், உடனே ஆபரேஷன் தேவைப்படும். அதோடு பல வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் மேலும் உள்ள குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக ஈசியுவில் ஏற்ற வேண்டும், அடியில் செப்பு வாஷரின் இருக்கையை மட்டம் செய்ய வேண்டும். எனக்கே டீசல் கைப்பழக்கம் குறைவு, வந்தால் டீசல் பம்ப் வேலை பார்ப்பவர்களிடம்தான் அனுப்புகிறேன்.

உங்கள் வேகன்ஆருக்குத் திரும்பினால், இந்த ஞாயிற்றுக்கிழமை எதையும் கழற்ற வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது, கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது, ஓம்ஸ் அளப்பது, இந்த மூன்றையும் செய்து சிலிண்டர் எண்ணோடு இங்கே எழுதுங்கள். பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்து ஒரு படமும் போடுங்கள். முனை கறுத்து ஈரமாக இருக்கிறதா, வெளுத்துக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் எந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம் போகிறது, எதற்குக் குறைவு என்பதில் பாதி தெரிந்துவிடும். எல்பிஜி கிட் உண்டா இல்லையா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.